வரப்பில் நின்று பேசிய மீதி

அன்பு மகனே,

நீ விமானம் ஏறிப் போன மறுநாளே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் தளும்பித் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடுகிறது. நட்ட பயிர் முழுகிவிடுமோ என்று உன் அப்பா குடையும் கையுமாக வயலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். நான் கட்டிலில் சாய்ந்து, பரீட்சை எழுதும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சாய்ந்தபடி எழுதுவதால் எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். இதை உனக்கு மட்டும் அனுப்பப்போவதில்லை. அப்பாவுக்கும் அக்காவுக்கும் படிக்கக் கொடுப்பேன். பேர் ஊர் போடாமல் சபை மடலில் அச்சிட்டுக்கொள்ளட்டுமா என்று போதகர் ஐயா கேட்டார், தாராளமாக என்று சொல்லிவிட்டேன். மூடி மூடி வைத்துத்தான் நம் வீட்டில் இவ்வளவும் நடந்தது. இனிமேல் எதையும் மூடி வைக்க எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

எல்லோரும் படிக்கப்போகிறார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாம் நாலு பேரும் வீடியோவில் கூடி ஜெபம் பண்ணுவது உனக்கு வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போனதிலிருந்து நடக்கிறது. நீ அங்கிருந்து, அக்கா திருச்சியிலிருந்து, நாங்கள் இரண்டு பேரும் இங்கே கூடத்திலிருந்து. ஒரு சங்கீதம் வாசிப்போம், அவரவர் பாரத்தைச் சொல்லுவோம், அப்பா முடிவு ஜெபம் செய்வார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் நம் மூன்று கட்டங்களோடு நாலாவதாக ஒரு கறுப்புக் கட்டம் வந்து உட்கார்ந்தது. "யாருப்பா அது, மூஞ்சியக் காட்டாம?" என்று அப்பா கேட்டார். "அது ஆள் இல்லப்பா, பேசறதக் கேட்டு எழுதிக்கற ஏஐ. ஆபீஸ்ல எல்லா மீட்டிங்லயும் வச்சிருக்கோம். ஜெபக் குறிப்பு எல்லாம் அதுவே எழுதி நாலு பேருக்கும் மெயில்ல அனுப்பிடும்" என்றாய். அப்பா சிரித்துவிட்டு, "சரி, அவருக்கும் ஒரு ஸ்தோத்திரம்" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். வைத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்கவில்லை, வேண்டாம் என்று நாங்களும் சொல்லவில்லை. பிள்ளை வாங்கிக் கொடுத்த மிக்ஸியை வேண்டாம் என்போமா, அந்த மாதிரிதான் அதையும் ஏற்றுக்கொண்டோம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போனது. திங்கட்கிழமை காலையில் காபியோடு போனைத் திறந்தால் குறிப்பு வந்திருக்கும். அக்கா மாமியாரின் இடுப்பு வலி, உன் ஆபீஸ் நெருக்கடி, குறுவைக்குத் தண்ணீர், எல்லாம் வரிசையாக. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக ஜெபிப்பேன். அப்பாவுக்கு மெயில் என்றாலே ஆகாது. அக்காவுக்கு நேரமில்லை. உனக்கு வருகிற நூற்றுக்கணக்கான மெயிலில் அது எங்கோ போய்ப் படுத்துக்கொள்ளும் என்று நீயே சொன்னாய். ஆக, அதைப் படிக்கிற ஒரே ஆள் நான்தான். உங்கள் யாருக்கும் அது நினைவில்லை.

என் உடம்பில் இருந்த கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள், மருந்து ஏற்றினால் சரியாகிவிடும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். புற்றுநோய் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை யாரும் வாயில் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனி மாதம் தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தபிறகு, அக்கா என் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறினாள். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், மருந்துக் களைப்பில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, அப்பா போனை எடுத்துக்கொண்டு வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போயிருக்கிறார். நீங்கள் மூன்று பேரும் பேசினீர்கள். அவசரத்துக்குப் புது லிங்க் எதற்கு என்று நீ ஜெபத்துக்குப் பயன்படுத்தும் அதே லிங்கை அனுப்பினாய். அந்த லிங்கில் யார் கூடினாலும் கறுப்புக் கட்டம் தானாக வந்து உட்காரும்படி நீதான் செய்து வைத்திருந்தாய். துக்கத்தில் இருந்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் என்ன, ஒவ்வொரு வாரமும் பார்த்துப் பழகிய கட்டம்தானே.

மறுநாள் காலை எனக்கு மெயில் வந்தது. தலைப்பு வழக்கம்போல 'குடும்ப ஜெபக் குறிப்புகள்'. ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் ஏன் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தேன். உள்ளே இப்படி இருந்தது: அம்மாவின் நோய் கல்லீரலுக்குப் பரவியுள்ளது. அதிகக் காலம் இல்லை என்று மருத்துவர் தெரிவித்துள்ளார். சிகிச்சையை நிறுத்திவிடலாம் என்று அப்பா கருத்துத் தெரிவித்தார், அக்கா ஒப்புக்கொண்டார். தற்போதைய சூழ்நிலையில் அம்மாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள இயலாது என்று அக்கா கூறினார். முடிவு: சிகிச்சை நிறுத்தம். அம்மாவுக்குத் தெரிவிக்கக் கூடாது. பொறுப்பு: அனைவரும்.

சாகப்போகிறேன் என்பதை ஒரு மனிதர் வாயால் கேட்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, தம்பி. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்பா வாசலில் பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்பைத் துடைத்தேன். போனை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். சாவு கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. உன் அப்பா 'நிறுத்திவிடலாம்' என்று கருத்துத் தெரிவித்தாராம். அந்தக் 'கருத்துத் தெரிவித்தார்' என்ற வார்த்தைதான் நெஞ்சில் குத்தி நின்றது.

அடுத்த மருந்துக்குப் போக வேண்டிய நாளில் வாசலில் கார் வந்து நின்றது. நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான் வரலைங்க" என்றேன். அப்பா வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றார். "ஏன், முடியலையா?" "போதும்னு தோணுது." அவர் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் காரைத் திருப்பி அனுப்பினார். பார்த்தாயா, ஒரு தடவை கூட வற்புறுத்தவில்லை, எப்போது சொல்வாள் என்று காத்திருந்தது போல அனுப்பிவிட்டார் என்று நான் நினைத்தேன். அவர் என்ன நினைத்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. இவளுக்கே பலன் இல்லை என்று பட்டுவிட்டது போலிருக்கிறது, வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் அழுது எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்று பயந்திருக்கிறார். உனக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு இஷ்டமில்ல, விட்டுடலாம்" என்று சொல்லியிருக்கிறார். நீயும் அம்மாவின் இஷ்டம் என்று விட்டுவிட்டாய். எனக்குத் தெரியாது என்று நினைத்து நீங்கள் நடித்தீர்கள். தெரியாதவள் மாதிரி நானும் நடித்தேன். அந்தக் குறிப்பில் எழுதியிருந்தபடியே எல்லோரும் பொறுப்பாக நடந்துகொண்டோம்.

உன் அக்காவுக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், அவளும் இதைப் படிக்கத்தான் போகிறாள். வாராவாரம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தாள். என் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தவளிடம், "உனக்கு எதுக்கும்மா சிரமம், உன் மாமியாரப் பாக்கவே உனக்கு நேரம் பத்தாது, கிளம்பு" என்றேன். அவள் முகம் செத்துப்போனது. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே பஸ் நிலையம் வரைக்கும் அழுதுகொண்டு போயிருக்கிறாள். பெற்ற பெண்ணை இப்படி அனுப்பிய வீட்டில் குறுவை அறுப்பு முடிந்தது, நெல் மூட்டை போனது, சம்பாவுக்கு நாற்று விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபமும் நடந்தது. அம்மாவுக்குப் பூரண சுகம் தர வேண்டும் என்று நீ ஜெபித்ததைக் கறுப்புக் கட்டம் குறித்து அனுப்பியது. நான் அதைத் திறக்காமலே விட்டேன்.

நான் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தவள். நிர்வாகக் குழு கூடினால் மினிட் புத்தகம் என் கையில்தான் இருக்கும். நீயும் சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்து சங்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். குடவாசல் பக்கத்து விவசாயிகள் பேசினால் கூரை அதிரும். ஒருமுறை உரம் பங்கிட்டது சரியில்லை என்று குழுவில் இருந்த ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எழுதிக்கம்மா, நான் ராஜினாமா பண்றேன், இந்தச் சங்கத்து வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு" என்று எழுந்து போனார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.  அவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அடுத்த விஷயத்தில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ராஜினாமாவை நான் எழுதியிருந்தால் அவர் மானத்துக்காகவாவது போயே தீர வேண்டியிருக்கும். கூட்டம் முடிந்ததும் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவேன். "நான் அப்படிச் சொல்லலையே" என்று ஒருவர் சொன்னால் அடித்துத் திருத்துவேன். அதன் பிறகுதான் கையெழுத்து. படித்துக் காட்டாத மினிட்டுக்கு மதிப்பே கிடையாது.

நம் பக்கத்து ஜனங்கள் பேசுகிற விதம் உனக்குத் தெரியாததா? நாம் எதையும் 'வேண்டாம்' என்றுதான் ஆரம்பிப்போம். சாப்பிட வந்தவர் வேண்டாம் என்பார், இலை போட்டபிறகு உட்காருவார். குத்தகை பேசப் போனால் நிலமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். உன் அக்கா கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் பெரியப்பா 'இது ஒத்து வராது' என்று வாசல் கேட் வரைக்கும் போனார். யாரும் பதறவில்லை. அவர் திரும்பி வருவார் என்று காபியை மூடி வைத்தார்கள், வந்து குடித்தார். மனதில் இருக்கிற பயத்தையும் ஆத்திரத்தையும் முதலில் கொட்டிவிட்டு, அப்புறம்தான் நாம் நிஜமாகப் பேசவே ஆரம்பிப்போம். அந்த முதல் பேச்சை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உன் கறுப்புக் கட்டத்துக்கு இது எப்படித் தெரியும்? அது முதல் வார்த்தையைப் பிடித்து 'முடிவு' என்று எழுதிவிட்டது.

மற்றதெல்லாம் எனக்குத் தெரியவந்தது புரட்டாசிக் கடைசியில், நடவு நடந்த அன்றைக்கு. அப்பா முழங்கால் வரைக்கும் சேற்றோடு தண்ணீர் குடிக்க வந்தார். எனக்கு அன்று வலி தாங்கவில்லை. எழுந்து சொம்பை எடுக்கப் போய் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஓடி வந்து தாங்கினார். அந்தக் கையைத் தட்டிவிட்டு, இத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன். "எதுக்குத் தாங்கறீங்க? நிறுத்திடலாம்னு நீங்கதானே சொன்னீங்க. இழுத்துக்கிட்டு கெடக்கறேன், அவ்வளவுதான்."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார்.

நான் போனை எடுத்துக் கொடுத்தேன். சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டே படித்தார். படித்து முடித்தும் போனைக் கீழே வைக்கவில்லை. திரும்ப மேலிருந்து படித்தார்.

"இது பாதிதான்" என்றார்.

"மீதி எங்க?"

"கொட்டகையில லைன் அறுந்துபோச்சு. டவர் கெடைக்கல. அப்பறம் வரப்புல நின்னு சாதா போன்ல பேசினோம். மீதிய அங்கதான் பேசினோம்."

"என்ன பேசினீங்க?"

"மொதல்ல நான்தான் சொன்னேன், ஊசி குத்திக் குத்தி அவ கையெல்லாம் கருத்துப் போச்சு, பாக்க முடியல, நிறுத்திடலாம்ப்பான்னு. பெரியவளும் அழுதா. அப்பறம் வரப்புல நின்னப்ப மனசு கேக்கல. எப்படி விடறது? என்ன ஆனாலும் பாத்துடலாம், மருந்து நிக்க வேணாம்னு சொன்னேன். மாமியார நாத்தனார் வீட்டுல விட்டுட்டு இங்க வந்து ஒங்கூட இருக்கறேன்னு பெரியவ சொன்னா. தம்பி லீவு போட்டுட்டு வர்றேன்னான். எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வந்து பாத்தா நீ தூங்கிக்கிட்டு இருந்த. கார் வந்தன்னிக்கு நீயே வரலன்னுட்ட, அதோட எல்லாம் நின்னுபோச்சு."  சேற்றுக் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் சுவரோரமாக நின்றேன். அவர் பக்கத்தில் உட்காரக்கூட என்னால் குனிய முடியவில்லை.

மறுபடி தஞ்சாவூருக்குப் போனோம். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். மருந்தைத் தாங்குகிற நிலையில் உடம்பு இல்லை, வலிக்கு மட்டும் தருகிறேன், இடையில் விடாமல் வந்திருக்கலாம் என்றார். விடாமல் வந்திருந்தால் எவ்வளவு நாள் கிடைத்திருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நோய் வென்றிருக்கும்தான், எனக்கென்ன தெரியாதா? ஆனால் ஒரு பொங்கல், அக்கா பிள்ளை சபையில் முழு உறுப்பினராகிற திடப்படுத்தல் ஆராதனை, இன்னும் சில மாதங்கள் இருந்திருக்கலாம். அதைவிட, ஆனியிலிருந்து புரட்டாசி வரைக்கும் உன் அப்பாவை நான் வெறுத்துக்கொண்டு படுத்திருந்தேனே, அந்த நாட்களாவது எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

போனில் நான் சொன்னதும் நீ அடுத்த விமானத்தில் வந்தாய். வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, எந்த இடத்தில் எதை மாற்ற மறந்தோம் என்று தேட ஆரம்பித்தாய். "ஆட்டோமேட்டிக்கா சேரும்னு வச்சிருந்தத எடுக்க மறந்துட்டேம்மா" என்றாய். மூடு என்றேன். எந்தப் பட்டன் என்பது எனக்கு வேண்டாம், தம்பி. உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனாலும் கோபம் இருக்கிறது. என்னிடம் கேட்காமல் என்னைப் பற்றிப் பேசினீர்கள், உங்களிடம் கேட்காமல் அது எழுதியது, எழுதியதை யாரும் படித்துப் பார்க்காமல் அனுப்பியது. இதில் முதல் குற்றம் எந்திரத்தினுடையது அல்ல. எனக்கு வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் வைராக்கியம் பிடித்த நானும் உங்களோடு சேர்ந்தவள்தான்.

நீ நாளைக்கும் ஆபீஸுக்குப் போய்க் கூட்டம் நடத்துவாய். உன் கீழே இருபது பேர் இருக்கிறார்கள் என்றாய். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கூட அது கணக்குக் காட்டுகிறது, ஒரு பெண் வாயே திறப்பதில்லை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய். அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா? கறுப்புக் கட்டத்தைப் பார்த்துத்தான் அவள் வாயை மூடுகிறாளோ என்னவோ. அதனால் சொல்கிறேன், கூட்டம் ஆரம்பிக்கும்போதே 'இது எழுதிக்கொண்டிருக்கிறது, யாருக்காவது வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல். நடுவில் வந்து சேர்பவரிடமும் சொல். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார். பெரிய பதவிக்காரன் கேட்டால் சின்ன பதவிக்காரன் சரி என்றுதான் சொல்லுவான், ஆகவே அந்தச் 'சரி'யை மட்டும் நம்பாதே. ஒருவர் குரல் உடைந்தால் அதை நிறுத்து. ஒருவருடைய உடம்பு, குடும்பம், வேலை போவது வருவது பற்றிப் பேச்சு வந்தால் அந்தக் கறுப்புக் கட்டம் அறையிலேயே இருக்கக் கூடாது. அது எழுதியதை நீ முழுக்கப் படிக்காமல் ஒருவருக்கும் அனுப்பாதே. பாதியில் அறுந்த கூட்டம் என்றால், பாதி என்று முதல் வரியிலேயே எழுது. இல்லாவிட்டால் அழித்துவிடு. ஒன்றும் தெரியாதவன் வந்து கேட்பான், பாதி தெரிந்தவன் கேட்கமாட்டான். நான் கேட்கவில்லை, பார்.

அப்பா உன் மேல் கோபமாக இருக்கிறார் என்று நீ நினைக்கிறாய். அவருக்குத் தன் மேல்தான் கோபம். அந்த மெயிலின் அடியில் பேசியதை அப்படியே கேட்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் கொட்டகையில் அவர் என்ன பேசினார், எப்படி அழுதார் என்று நான் கேட்கலாம். இதுவரை அமுக்கவில்லை. என் முன்னால் அழக்கூடாது என்றுதானே அவ்வளவு தூரம் நடந்து போய் அழுதார். எனக்காக அழுததுதான் என்றாலும் அது என்னுடையது இல்லை. நீ உன் பக்கத்திலிருந்து அதை அழித்துவிடு, என் போனிலிருந்து நானும் இன்றைக்கே அழித்துவிடுகிறேன்.

நீ கிளம்பிய அன்று பெட்டியைப் பூட்டிவிட்டு என் தலைமாட்டில் வந்து நின்றாய். கார் வாசலில் நின்றது. "அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? இனிமே நாம பேசறத ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கட்டுமா? பின்னால கேக்கறதுக்கு" என்றாய். பின்னால் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்தாய். நீ ஒருவரிடம் இதைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லி உன்னை அனுப்பினேன். நீ போனபிறகு அப்பாவிடமும் கேட்டேன், அக்காவிடமும் போனில் கேட்டேன். அக்கா, "வேணாம்மா, எனக்கு அதப் பாக்கவே புடிக்கல" என்றாள். அவள் வந்து இப்போது என்னோடுதான் இருக்கிறாள். என் காலை அவள் பிடித்துவிடும்போது நான் அவளிடம் கேட்கும் மன்னிப்பு எந்தக் கட்டத்துக்கும் போக வேண்டாம். அதனால் நாலு பேரும் பேசும்போது அது இருக்காது. நீயும் நானும் மட்டும் பேசும்போது வைத்துக்கொள். வலியில் நான் கத்தினால் நிறுத்திவிடு. நல்ல குரலில் ஒரு சங்கீதமாவது உனக்குச் சொல்லிவிட்டுப் போக ஆசை இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கூட்டம் பாக்கி இருக்கிறது. இனி ஆஸ்பத்திரியா வீடா, வலி முற்றினால் எவ்வளவு மருந்து வரைக்கும், நினைவு தப்பினால் என்ன செய்வது, கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம், அப்பா பின்னால் யாரோடு இருப்பது, இவ்வளவும் பேச வேண்டும். எல்லாம் என்னைப் பற்றிய விஷயம், எனக்கும் அதில் சொல்ல இருக்கிறது. நான் வேண்டாம் என்றுதான் ஆரம்பிப்பேன், அழுவேன், அப்பாவும் எழுந்து வாசல் வரைக்கும் போவார், பொறுத்திருங்கள். இதை வீடியோவில் பேச முடியாது. கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டிருக்கிறேன் என்றாய். டாக்டர் நேற்று என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பா போகவில்லை. "அவ முன்னாடியே சொல்லுங்க டாக்டர்" என்றார். அவரும் சொன்னார். கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்காதே, உடனே கிளம்பி வா.

அம்மா